சுவரைத் தொடாத உத்திரம்

ஒரு பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். கணவன் இறந்து அவள் தனியாக இருந்த வீட்டுக்குள் கரையான் புற்று எழும்பியிருந்தது. அது கரையான் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரியும். தெரிந்தும், அது சாமி, தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு வருவதில் எதை வேண்டுமானாலும் நீங்கள் ஒதுக்கித் தள்ளலாம், கிழவனுக்குக் கண் சரியில்லை, பூச்சிமருந்து வாடையில் தலை சுற்றியிருக்கும் என்று சொல்லலாம், நானே எனக்கு அப்படியெல்லாம் சொல்லிப் பார்த்தவன்தான். ஆனால் நான் பொய் சொன்னது நிஜம்.

இந்த மாதிரிச் சம்பவங்களைச் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும், தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருந்ததில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். என் விஷயத்தில் அது நம்பிக்கையைப் பற்றியதே இல்லை, என் பிழைப்பே அதுதான். விலங்கியல் படித்துவிட்டு, போடியில் கரையானுக்கு மருந்து அடிக்கும் தொழில் ஆரம்பித்து, அதிலேயே தலை நரைத்தவன் நான். பழைய வீடு வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மரங்களைக் காட்டுவார்கள். எங்கள் பக்கம் கரையானைச் செல்லு என்பார்கள், அதனால் எனக்கு ஊரில் ‘செல்லு சார்’ என்றே பேர். பரணில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது என்று பயந்துபோய்க் கூப்பிடுவார்கள், ஏறிப் பார்த்தால் மரநாய் இருக்கும். கட்டில் தானாக முனகுகிறது என்பார்கள், கால்களுக்குள் வண்டு குடைந்துகொண்டிருக்கும். இப்படி எத்தனையோ வீடுகளின் பேயை டார்ச் அடித்துப் பிடித்துக் கொடுத்தவன் நான். காரணம் இல்லாத சத்தம் ஒன்றைக்கூட நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை, பேச்சியம்மாள் வீட்டுக்குப் போகும்வரை.

பேச்சியம்மாளின் கணவன் மாயாண்டி ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவான், பொழுது சாய இறங்குவான். பிள்ளைகள் இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்த்து, குரங்கணிப் பாதையில் மலை தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன வீடு கட்டினார்கள். மேலே ஒரு எஸ்டேட்டில் பழைய ஏலக்காய் ஸ்டோரைப் பிரித்தபோது, அந்த உத்திரங்களையும் ஓடு தாங்கும் கைமரங்களையும் மாயாண்டி வாங்கி ஜீப்பிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருந்தான். எத்தனையோ வருடம் காய் உலர்ந்த கட்டடத்தின் மரம். மழை பெய்தால் அந்த வீட்டுக் கூரை ஏலக்காய் மணக்கும்.

பழைய மரம் என்பதால் மாயாண்டிக்குக் கரையான் பயம். அஸ்திவாரக் குழியிலேயே மண்ணுக்கு மருந்து விடச் சொல்லி என்னைக் கூப்பிட்டான். பின்பக்க அறையின் ஒரு மூலை மட்டும் பாக்கி இருக்கும்போது மருந்து தீர்ந்துவிட்டது. மலையிலிருந்து மழை இறங்கி வருவது தெரிந்தது. ஊருக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வரச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. பம்பில் தண்ணீரை நிரப்பி அந்த மூலையில் அடித்தேன். மாயாண்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“இனிமே செல்லு வந்துச்சுன்னா உங்க சட்டையத்தான் சார் பிடிப்பேன்” என்றான் சிரித்துக்கொண்டே.

“வந்தா எம்பேர மாத்தி வையி மாயாண்டி” என்றேன்.

சட்டையைப் பிடிக்க அவன் இருக்கவில்லை. வீடு குடிபோய்ச் சில வருடங்களில் மலைப்பாதையில் அவன் ஜீப் உருண்டது. ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது நடந்ததால் வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் பேச்சியம்மாள் எனக்குப் போன் செய்தாள். ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள், வீட்டில் ஒன்று வந்திருக்கிறது என்றாள்.

போனேன். பின்னறையில், சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு, முழங்கால் உயரத்துக்குப் புற்று. நான் தண்ணீர் அடித்த அதே மூலை. யாரோ ஏற்கெனவே அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பேச்சியம்மாள் சுவரோரம் நின்றாள். அழுது அழுது முகமே மாறிப்போயிருந்தது.

“பக்கத்து வீட்டண்ணே செல்லுங்கறாரு, மருந்தடிச்சா அத்துப் போயிரும்ங்கறாரு. பொம்பளைக எல்லாம் சாமிங்கறாக. எனக்கு ஒண்ணும் விளங்கல சார். நீங்க படிச்சவுக. நீங்க என்ன சொல்றீகளோ அதான். இது செல்லா, சாமியா?”

செல்லு என்று சொன்னால் அந்தத் தெருவே கேட்கும், செல்லு சார் மருந்து விட்ட வீட்டிலேயே எப்படிச் செல்லு வந்தது என்று. அந்தச் சமயத்தில் தேனியிலிருந்து புதிதாக ஒருவன் வந்து என் வாடிக்கைக்காரர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். இது வெளியே போனால் என் தொழில் படுத்துவிடும் என்று பயந்தேன். அதோடு அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் அடித்தது தண்ணீர் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டதோ என்றும் இருந்தது. நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கையைக் கூப்பினேன். இவ்வளவு படித்தவன் அதையும் செய்தேன்.

“சாமிதாம்மா. மருந்து எதுவும் பட்டுறக் கூடாது” என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப வீட்ல ஆள் இருக்கு” என்றாள், என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி. அப்புறம் எழுந்து முகம் கழுவிவிட்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு பல வருடம் அந்தப் பாதையில் வேலை வந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். தொழிலைக் குறைத்துக்கொண்ட பிறகு, ஒருநாள் போடியில் காய் மூட்டை அடுக்குகிற ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் கதவு நிலை உளுத்துவிட்டது, வந்து பாருங்கள் என்றார்கள். உள்ளே போனால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். பேச்சியம்மாள்.

“ஏய், இவுகதான்டி அந்தச் சாரு! எங்க வீட்ல சாமி வந்துருக்குன்னு மொதமொதல்ல கண்டு சொன்னவுக!”

எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு உடம்பு கூசியது. வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் கும்பிடவில்லை.

“எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வாங்க சார். எங்க வீட்டு மூலையிலயும் ஒண்ணு உக்காந்துருக்கு, எங்க மாமியா. அது சாமியா செல்லான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“செல்லுன்னு சொன்னா மருந்தடிச்சிருவியாடி?” என்றாள் இன்னொருத்தி. கிட்டங்கியே சிரித்தது. பேச்சியம்மாளும் சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தாள், முகம் தெளிந்திருந்தது. அந்தச் சிரிப்போடுதான் அடுத்ததைச் சொன்னாள்.

“முன்னைக்கு இப்ப நல்லா ஓங்கிருச்சு சார். போன மழையில எந்திரிச்சு கூரை மரத்தத் தொட்டுருச்சு. சுத்துற மஞ்சச் சேலை இப்பப் பத்த மாட்டேங்குது. நான் அதுக்குக் கீழதான் தலை வச்சுப் படுக்கேன். ஒரு பயமும் இல்ல.”

மற்றவர்களுக்கு அது பக்தி. எனக்கு அதன் அர்த்தம் வேறு. தரையிலிருந்து கரையான் கூரை மரத்தை எட்டிவிட்டது என்றால் கூரை போயிற்று என்று அர்த்தம். இந்த மழைக்கு இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு ஓடும் மரமுமாக அவள்மேல் இறங்கும். என்னுடைய ஒரு வார்த்தையை நம்பி அதற்குக் கீழே தலை வைத்துப் படுத்திருக்கிறாள். கதவு நிலையைப் பார்த்தேனா, என்ன சொன்னேன், எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

தாமதிக்காமல் சுப்பையா ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு நிறைய வீடுகளுக்கு வந்த தச்சர். கூரையைப் பிரிக்கவோ முட்டுக் கொடுக்கவோ வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் அழைத்தேன், பொய்யைப் பற்றிச் சொல்லவில்லை. ஐப்பசி மாதத்துக் காலை, மலைமேல் மூட்டம் இறங்கியிருந்தாலும் அறைக்குள் நல்ல வெளிச்சம். இதை ஏன் சொல்கிறேன் என்றால் இருட்டில் எதையோ பார்த்து மிரண்டுபோனேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஏணியில் ஏறி உத்திரத்தை ஸ்க்ரூ முடுக்குகிற திருப்புளியின் பிடியால் தட்டினேன். என் தொழிலில் முதல் வேலை அதுதான், தட்டிப் பார்த்துக் காதைக் கொடுப்பது. அரித்த மரம் பொத்தென்று சொல்லும். இது கணீரென்றது. வைரம் பாய்ந்த மரத்தின் சத்தம். தள்ளித் தள்ளித் தட்டினேன், எங்கும் அதே கணீர். எனக்கு உயிர் வந்தது.

“சத்தம் ஜோராத்தானே சார் இருக்கு? என்னைய எதுக்கு வெரசா வாய்யான்னு இழுத்துட்டு வந்தீக?” என்றார் ஆசாரி கீழேயிருந்து.

வழக்கமாகச் செய்வதுதான், தட்டிய இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினேன். அது பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. அப்பளத்தில் விரலை விட்ட மாதிரி. வேறு இடத்தில் குத்தினேன், அங்கும் அப்படியே. கட்டை விரலால் அழுத்தினேன், வார்னிஷோடு சேர்ந்து மரத்தின் தோல் உள்ளே மடங்கிற்று. வெங்காயச் சருகு கனம்கூட இருக்காது. அதற்குள்ளே ஒன்றுமே இல்லை. கரையான் தின்ற மரத்துக்குள் மண்ணாவது அடைத்திருக்கும், இதில் அதுவும் இல்லை. கைமரங்களைப் பார்த்தேன், எல்லாம் அதே கதி. இவ்வளவு ஓட்டின் பாரத்தையும் வெறும் தோல் சுமந்துகொண்டிருந்தது.

அதுவாவது பரவாயில்லை, எப்படியோ நிற்கிறது என்று விடலாம். உத்திரத்தின் முனை சுவருக்குள் போகிற இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். முனையைச் சுற்றிக் கோடு போட்ட மாதிரி ஒரு இடைவெளி. சட்டைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து உத்திரத்துக்கு அடியில் விட்டேன். தடையில்லாமல் போயிற்று. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்தேன், வந்தது. பக்கவாட்டில் விட்டேன், மேலே விட்டேன், எங்கும் எதுவும் தடுக்கவில்லை. அந்த முனை சுவரில் உட்காரவில்லை. அப்படியானால் பாரம் முழுக்க மறுமுனையில்தான் இருக்க வேண்டும் என்று ஏணியை அந்தக் கோடிக்கு நகர்த்தினேன். நான் பார்த்தது சரிதானா என்று தெரிய ஆசாரியை ஏறச் சொன்னேன். அவர் ஸ்கேலை விட்டார். நான்கு பக்கமும் சுற்றி வந்தது. மறுபடியும் விட்டார். அப்புறம் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புற்று தாங்கியிருக்கும் என்பீர்கள். எனக்கும் முதலில் அந்த யோசனைதான் வந்தது. ஆனால் அது மூலையில் ஒரு கைமரத்தைக் குழந்தை விரலை வைத்த மாதிரித் தொட்டுக்கொண்டிருந்தது. உத்திரத்தின் பக்கம்கூட அது வரவில்லை. நம்பினால் நம்புங்கள், அந்த உத்திரம் எதன்மேலும் இல்லாமல் இருந்தது.

ஆசாரி இறங்கிச் சாமான்களைப் பைக்குள் போட்டார்.

“சார், நான் வெளிய நிக்கேன்.”

“என்னய்யா?”

“ஒண்ணுமில்ல. செத்த காத்தோட்டமா நிக்கலாம்னு” என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டியதும் வேகமாக நடந்து ரோட்டுக்கே போய்விட்டார்.

பேச்சியம்மாள் புற்றின் பக்கத்தில் நின்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். மருந்து தீர்ந்தது, தண்ணீர் அடித்தது, மாயாண்டி பார்த்துக்கொண்டு நின்றது, பயந்துபோய் அவளிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். இது சாமி இல்லை, கரையான், நான் சொன்னது பொய் என்றேன். அவள் காறித் துப்பினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவளோ சிரித்தாள்.

“என்னையச் சோதிக்கிறீகளா சார்?”

“இல்லம்மா. மாயாண்டி மேல சத்தியமாச் சொல்றேன்.”

கணவன் பேரைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது.

“சரி, செல்லுன்னே வைங்க. மேல ஏறிப் பாத்தீகள்ல, மரம் இருக்கா?”

“இல்ல.”

“மரம் இல்லைல்ல? அப்ப வீட்ட யாரு தூக்கிட்டு நிக்கிறா?”

சவுக்குக் கம்பு கொண்டுவந்து முட்டாவது கொடுக்கிறேன் என்று கெஞ்சினேன். “அது தலைக்கு மேல கம்ப நட்டா, எம்மேல நம்பிக்கை இல்லாமப் போச்சாடின்னு கேக்காதா?” என்றாள். ராசிங்காபுரத்தில் தங்கச்சி வீடு இருக்கிறதே, மழை முடியும்வரை அங்கே போய் இரு என்றேன். “அங்க போயி நான் யாருகிட்டப் பேசுவேன் சார்?” என்றாள்.

திரும்பி வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வானம் இடிக்கும்போதெல்லாம் அந்த அறைதான் கண்ணில் வரும். நான் கண்டதை நான் நம்பினால் அவளை அப்படியே விட்டுவிட வேண்டும். நம்பாவிட்டால் அவளைக் காப்பாற்ற வேண்டும். நான் படித்தவன், நம்பவில்லை. அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் புற்றை உடைத்து, தாய்க் கரையானை எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு அவள் கையில் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும். அப்போது கூரை விழுந்தாலும் ஆள் இல்லாத வீட்டில் விழட்டும், என் செலவில் கட்டிக்கொடுக்கலாம். பரிகாரம் என்றுதான் அதை நினைத்தேன். மனசாரச் சொல்கிறேன், நல்லதுதான் நினைத்தேன்.

மழை விட்டிருந்த ஒரு பகலில் தனியாகப் போனேன். வீடு பூட்டியிருக்கவில்லை, உள்ளே ஆள் இருக்கிற வீட்டை எதற்குப் பூட்ட வேண்டும் என்று நினைத்திருப்பாள், கதவைச் சாத்தி மட்டும் வைத்திருந்தாள். மஞ்சள் சேலையை அவிழ்த்து மடித்து ஓரமாக வைத்தேன். புற்றின் மேல்மண் ஈரமாக இருந்தது, அன்றைக்குக் காலையில் பூசியது மாதிரி. கையை வைத்தால் வெதுவெதுப்பு. உயிருள்ள புற்று அப்படித்தான் இருக்கும், அதில் அதிசயம் இல்லை. கடப்பாரையை ஓங்கிப் போட்டேன்.

உள்ளே ஒரு பூச்சி இல்லை. எத்தனை புற்றுகளை உடைத்திருக்கிறேன், உடைத்த மாத்திரத்தில் வெள்ளையாகக் கொட்டும். இதில் ஒன்றுகூட இல்லை. அறை அறையாக உடைத்துக்கொண்டே போனேன். எல்லாம் காய்ந்து கிடந்தது. பழைய சிலந்தி வலைகள் தூசி படிந்து தொங்கின. அந்தப் புற்று செத்துப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். செத்த புற்று வளராது. அதன் மேல்மண் ஈரமாக இருக்காது. போன மழையில் எழுந்து மரத்தைத் தொடாது. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டித் தாய்க் கரையானின் அறையையும் கண்டுபிடித்தேன், வழவழவென்று காலியாக இருந்தது. பாட்டிலில் போட என்னிடம் எதுவும் இல்லை.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். கொண்டுபோயிருந்த மருந்தை முழுவதும் அந்தக் குழிக்குள் ஊற்றினேன். இந்தத் தடவை சரியான அளவில் கலந்திருந்தேன். யாரைக் கொல்ல ஊற்றினேன் என்று கேட்காதீர்கள். வாடை நெஞ்சை அடைத்தது, வெளியே நடந்தேன். வாசற்படியைத் தாண்டி என் இரண்டு காலும் மண்ணில் பட்ட பிறகு, பின்னால் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான், தூக்கிப் பிடித்திருந்ததை ஒருவர் மெதுவாக இறக்கி வைத்தது போல. உத்திரத்தின் ஒரு முனை சுவரில் உட்கார்ந்த சத்தம். பிறகு மறுமுனை, அதுவும் டக். பிறகுதான் ஓடுகள் சரிந்தன. கூரை முழுவதும் உள்ளே போயிற்று. நான் வெளியே வருவதற்காக அது காத்திருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்கலாம்.

யாரோ தகவல் சொல்லிப் பேச்சியம்மாள் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினாள். நான்தான் செய்தேன் என்று அவளிடம் சொன்னேன். திட்டவில்லை, அழவில்லை. உடைந்த ஓடுகளைத் தாண்டிப் பின்னறை இருந்த இடத்துக்குப் போய், புற்றுமண்ணைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“எங்கிட்டுப் போச்சு சார்?”

“அதுக்குள்ள ஒரு பூச்சிகூட இல்லம்மா. என்னைக்கோ செத்துப்போன புத்து.”

“பூச்சி இல்லைன்னுதானே சார் நானும் சொன்னேன்” என்றாள்.

கூட நின்று பார்த்த ஒரே மனிதர் ஆசாரிதான். ஸ்கேல் சுற்றி வந்ததை யாரிடமாவது சொல்லுங்கள், நான் புத்தி கெட்டுப்போகவில்லை என்று எனக்காவது தெரியட்டும் என்று கேட்டேன். “சார், அளவு பாத்துப் பிழைக்கிறவன் நானு. காத்துல நின்ன உத்திரத்தப் பாத்தேன்னு சொன்னா எவன் எனக்கு வேலை குடுப்பான்? அன்னைக்கு எனக்குக் காச்சல். நான் வரவே இல்ல” என்றார். இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் பெயரில் இருந்த கொஞ்ச நிலத்தை விற்று, அதே இடத்தில் அவளுக்குக் காங்கிரீட் வீடு கட்டிக்கொடுத்தேன். கதவும் ஜன்னலும் இரும்பு, தின்பதற்கு ஒரு குச்சிகூடக் கிடையாது. அதில்தான் இருக்கிறாள். அந்த மூலையில் மட்டும் எதையும் வைக்கவில்லை. கிட்டங்கி வேலைக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். சாப்பாடும் குறைந்துவிட்டது. தங்கச்சி வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்கிறேன். போகும்போதெல்லாம் ஒன்றையே கேட்பாள்.

“வீடெல்லாம் எதுக்கு சார் எனக்கு? நீங்க சொல்லித்தானே அது வந்துச்சு. இன்னொருக்காச் சொல்லுங்க, போதும்.”

வெறும் சிமெண்டுத் தரையைக் காட்டிச் சாமி என்று எப்படிச் சொல்வது? ஒரு பொய்யில் பட்டது போதாதா? ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றிவிட்டு வந்துவிடுவேன்.

சென்ற தடவை போனபோது அவள் சுவரில் சாய்ந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லை. அதே கேள்வியைக் கேட்டாள். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. அன்றைக்கு அது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது, இப்போது எனக்கு அப்படித் தெரியவில்லையே. அந்த உத்திரத்தைத் தாங்கியது யார் என்று தெரியாதவன் எப்படி அதைப் பொய் என்பது? நான் போய் அந்த மூலைக்கு முன்னால் நின்றேன். என் ஆயுளில் வேறு எதையும் நான் இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை, தண்ணீர் அடித்த அந்த இடத்தில் எதுவாவது வரட்டும், எனக்காக வேண்டாம், அவளுக்கு ஆள் வேண்டும் என்று கையைக் கூப்பி நின்றேன்.

“சாமிதாம்மா, வந்துருச்சு” என்றேன்.

பேச்சியம்மாள் மூலையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, என் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள்.

“இல்ல சார்” என்றாள். “அன்னைக்கு நெசமாச் சொன்னீக.”